மைனஸ் 55 ஓம்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் எல்இடி விளக்குகள் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பழைய நாலடி டியூப்லைட் எரியும் கடைகள் ஒன்றிரண்டு இன்னும் கண்ணில் படும். அந்தப் பட்டைக்குள் கனமான ஒரு சோக் உட்கார்ந்திருக்கும். சோக் எதற்கு என்று கேட்டால், "டியூப் பத்திக்கிறதுக்கு" என்பார் எலக்ட்ரீஷியன். அவர் சொல்வது பாதி உண்மை. பற்றவைக்க ஸ்டார்ட்டரும் சோக்கும் சேர்ந்து ஓர் உதை கொடுக்கின்றன. பற்றிக்கொண்ட பிறகும் சோக் தேவைப்படுகிறது. மீதிப் பாதி உண்மை அங்கேதான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிப்படி, ஒரு மின்தடையில் கூடுதல் மின்னோட்டம் ஓட வேண்டும் என்றால் கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டும். டியூப்லைட்டுக்குள் இருக்கும் வாயு இந்த விதிக்குக் கட்டுப்படாது. மின்னோட்டம் ஏற ஏற அணுக்கள் மேலும் மேலும் அயனியாகும். அயனிகள் பெருகினால் பாதை இளகும். பாதை இளகினால் கூடிய மின்னோட்டத்துக்கும் முன்பைவிடக் குறைந்த மின்னழுத்தமே போதும். மின்னோட்டம் ஏறும்போது மின்னழுத்தம் இறங்குகிறது என்றால், அந்த மாற்றத்துக்கு உரிய மின்தடை மைனஸில் வருகிறது. இதைத்தான் எதிர்மின்தடை என்கிறோம். சோக் இல்லாமல் டியூபை நேராக 230 வோல்ட்டில் மாட்டினால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறி டியூபோ ஃப்யூஸோ போய்விடும். கடிவாளமாக நிற்பது சோக்.

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்னித் தலம். ஆசிரமத்துக்குச் சற்று முன்னாலேயே அக்னி லிங்கம் இருக்கிறது. எதிர்மின்தடையின் கதை தொடங்குவதும் நெருப்பில்தான், இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே எரியும் மின்சுடரில். டூரிங் டாக்கீஸ் காலத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புரொஜெக்டர் அறையில் ஆபரேட்டர் கார்பன் குச்சிகளை அருகே நகர்த்தி நகர்த்திச் சுடரைக் காப்பாற்றுவார். அந்தச் சுடரும் டியூப்லைட் வாயுவின் குணம் கொண்டதுதான். 1900-ல் லண்டனில் வில்லியம் டடெல் என்ற பொறியாளர் அப்படி ஒரு சுடருக்குக் குறுக்கே ஒரு காயிலையும் கெப்பாசிட்டரையும் இணைத்தார். சுடர் பாட ஆரம்பித்தது. கெப்பாசிட்டரின் மதிப்பை மாற்ற மாற்றச் சுருதி மாறியது. விசைப்பலகை ஒன்றைப் பொருத்தி அதில் மெட்டுகளே வாசித்துக் காட்டினார். சில ஆண்டுகளில் டென்மார்க்கின் வால்டெமார் பவுல்சன் இதே சுடரை ரேடியோ அலை அனுப்பும் கருவியாக மாற்றினார். வால்வும் டிரான்சிஸ்டரும் வருவதற்கு முன்பே எதிர்மின்தடை அலைகளைப் பிறப்பித்துவிட்டது.

சுடர் ஏன் பாடியது? காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த சுற்றில் ஆற்றல் இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வரும். தனியாக விட்டால் அடித்த கோயில் மணியின் நாதம்போல் மெல்லத் தேய்ந்து அடங்கும். கம்பியின் மின்தடை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடுவதுதான் காரணம். அந்தச் சுற்றில் 10 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். அதோடு மைனஸ் 10 ஓம் ஒன்றைச் சேர்த்தால் மொத்தத் தடை பூஜ்ஜியம். தேய்மானம் நின்றது, அலை நீடிக்கும். மைனஸ் 15 ஓம் சேர்த்தால் அலை ஒவ்வொரு சுற்றுக்கும் வளரவே செய்யும். ஆசிலேட்டர் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆற்றல் சும்மா வந்ததா என்று உடனே ஒரு சந்தேகம் எழ வேண்டும். எழாவிட்டால்தான் கவலை. சாதாரண மின்தடை ஆற்றலைத் தின்கிறது, எதிர்மின்தடை ஆற்றலைத் தருகிறது. அந்த ஆற்றல் பேட்டரியிலிருந்தோ மின்னிணைப்பிலிருந்தோ வந்ததே. நேர்மின்னோட்டமாக உள்ளே போனதில் ஒரு பங்கு அலையாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றினால் மைனஸ் ஓம் எதுவும் மிஞ்சாது.

டிரான்சிஸ்டருக்கு வருவோம். டிரான்சிஸ்டர் டியூப்லைட் வாயுவைப் போன்றதல்ல. அதன் கலெக்டர், எமிட்டர், பேஸ் என்ற மூன்று கால்களில் எந்த இரண்டை எடுத்துச் சாதாரணமாக அளந்தாலும் நல்லபிள்ளையாக பிளஸ் ஓம்தான் காட்டும். ஆனால் வேகமாக மாறும் அலையைக் கொடுத்து, எமிட்டரில் ஒரு கெப்பாசிட்டரையும் வைத்துவிட்டால், பேஸின் வழியாக உள்ளே பார்க்கும்போது மைனஸ் ஓம் தெரியும். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன என்பது என் நெடுநாள் குறை.

செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் மாலை நேரங்களில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு மின்னணுவியல் சொல்லித் தருகிறேன். ஒருநாள் ஒரு மாணவி பிரெட்போர்டோடு வந்தாள். பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்றை எமிட்டர் ஃபாலோயராக (பேஸில் உள்ளீடு, எமிட்டரில் வெளியீடு) போட்டிருந்தாள். "சார், எல்லா வோல்ட்டேஜும் கணக்குப்படி வரணும். ஆனா வரலை. கையைக் கிட்ட கொண்டுபோனா மீட்டர்ல நம்பர் மாறுது சார்." வெளியீட்டில் இரைச்சல் வராமல் இருக்கட்டும் என்று எமிட்டரிலிருந்து தரைக்கு 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் வைத்திருந்தாள். பேஸுக்குப் போகும் ஜம்பர் வயர் அரைச் சாண் நீளத்துக்குச் சுருண்டு கிடந்தது.

"இது ஆசிலேட் ஆகுதும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததற்கு அவள் சொன்ன காரணம் மிகச் சரியானது. "எமிட்டர் ஃபாலோயர்ல கெயின் ஒண்ணுக்கும் கம்மி சார். கெயினே இல்லாம எப்படி ஆசிலேட் ஆகும்?"

அலமாரியிலிருந்த சின்ன எஃப்எம் ரேடியோவை எடுத்து பிரெட்போர்டின் பக்கத்தில் வைத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்க முள்ளை மெல்லத் திருப்பினோம். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. பிரெட்போர்டின் பேட்டரியைக் கழற்றினால் இரைச்சல் திரும்ப வந்தது. மாட்டினால் மறுபடி மௌனம். பாட்டோ பேச்சோ ஏறாத ஒரு வெற்று அலை வந்து விழும் இடத்தில் எஃப்எம் ரேடியோ அப்படித்தான் அடங்கிப்போகும். அவளுடைய 'கெயின் இல்லாத' சுற்று, அந்த மேசையில் ஒரு குட்டி வானொலி நிலையமாக ஓடிக்கொண்டிருந்தது.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும்.

டிரான்சிஸ்டரின் வேலை பேஸில் போகும் சிறு மின்னோட்டத்தைப் பல மடங்காக்கி எமிட்டரில் தருவது. பிசி 547-ல் தாழ்ந்த அதிர்வெண்களில் அது 200 மடங்கு, 300 மடங்குகூட இருக்கும். அதிர்வெண் ஏறினால் அந்த மடங்கு சரியும். பேஸுக்குள் மின்னூட்டம் நிரம்பவும் வடியவும் நேரம் வேண்டும் அல்லவா? சுமார் 300 மெகாஹெர்ட்ஸில் மடங்கு ஒன்றாகிவிடும். 100 மெகாஹெர்ட்ஸில் 3 மடங்கு, 50 மெகாஹெர்ட்ஸில் 6 மடங்கு. குறைவது மட்டுமில்லை, தாமதமும் ஆகிறது. உயர் அதிர்வெண்களில் எமிட்டர் மின்னோட்டம் பேஸ் மின்னோட்டத்துக்கு ஏறக்குறைய கால் சுற்று, அதாவது 90 பாகை, பின்தங்கி வருகிறது.

எமிட்டரில் இருக்கும் கெப்பாசிட்டரும் தாமதக்காரன்தான். அதன் மின்னழுத்தம் அதில் பாயும் மின்னோட்டத்துக்குக் கால் சுற்று பின்தங்கும். இரண்டு கால் சுற்றும் சேர்ந்தால் அரைச் சுற்று. அரைச் சுற்று பின்தங்கிய அலை என்றால் தலைகீழான அலை. பேஸுக்குள் மின்னோட்டம் ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அங்கே மின்னழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. டியூப்லைட் வாயுவில் பார்த்த அதே குணம், இரண்டு தாமதங்களின் கூட்டால் வந்து சேர்ந்துவிட்டது. கழித்தல் குறி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

50 மெகாஹெர்ட்ஸில் 100 பிகோஃபாரட்டின் மின்மறுப்பு சுமார் 32 ஓம். அதை 6 மடங்காக்கினால் 190-க்குச் சற்று மேல். குறி மைனஸ். ஆக மைனஸ் 190 ஓம். அதிர்வெண் ஏறினால் இது வேகமாகக் குறையும். அந்த மாணவியின் சுற்றில் 2 மில்லியாம்பியர் ஓடியது. அரைச் சாண் வயரின் தூண்டலை ஏறத்தாழ 100 நானோஹென்றி என்று வைத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டரின் உள் கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த வயரும் டிரான்சிஸ்டரும் ஒத்ததிரும் இடம் 93 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வருகிறது. எஃப்எம் பட்டைக்குள்ளேயே. அந்த இடத்தில் பேஸில் தெரியும் தடை சுமார் மைனஸ் 55 ஓம். வயரின் தடையும் டிரான்சிஸ்டருக்கு உள்ளேயே இருக்கும் சிறு தடையும் சேர்ந்து 55-ஐ எட்டாவிட்டால் அலை பிறந்தே தீரும்.

மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். எமிட்டர் ஃபாலோயரில் மின்னழுத்த கெயின் ஒன்றுக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் மின்னோட்டம் பெருகுகிறது, ஆகவே ஆற்றலும் பெருகுகிறது. ஆசிலேட்டருக்கு வேண்டியது ஆற்றல் கெயின். மின்னழுத்தத்தில் இருக்கும் குறையை, பேஸ் வயரும் உள் கெப்பாசிட்டன்ஸும் ஒத்ததிர்ந்து ஈடுகட்டிவிடுகின்றன. 'கெயின் ஒன்றுக்குக் குறைவு, அதனால் பாதுகாப்பு' என்ற நம்பிக்கை எத்தனை சுற்றுகளைக் கெடுத்திருக்கிறது என்பதைப் பழுது பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். காரணமில்லாமல் சூடாகும் டிரான்சிஸ்டர், கை பட்டால் மாறும் அளவுகள், பக்கத்து டிவியில் கோடுகள் என்று இந்த நோயின் அறிகுறிகள் பல. சாதாரண ஆஸிலோஸ்கோப்பில் அது தெரியாமலும் போகலாம். 20 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே காட்டும் ஸ்கோப்பில் 93 மெகாஹெர்ட்ஸ் அலை எப்படித் தெரியும்?

மருந்து மலிவானது. பேஸின் காலை ஒட்டி, தொடராக ஒரு 100 ஓம் மின்தடை. மைனஸ் 55-ம் பிளஸ் 100-ம் சேர்ந்தால் பிளஸ் 45. அலை அடங்கிவிடும். பேஸில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் நமக்கு வேண்டிய சிக்னலுக்கு எந்த நஷ்டமும் இல்லை. மின்தடையைக் காலை ஒட்டியே வைக்க வேண்டும். அப்போதுதான் அதற்கும் பேஸுக்கும் இடையில் இன்னொரு வயர் காயிலாக முளைக்காது. அந்த மாணவி மின்தடையைச் செருகியதும் ரேடியோவில் இரைச்சல் திரும்பி வந்தது. இரைச்சலைக் கேட்டு மகிழ்ந்த நேரம் அது.

ஆம்ப்ளிஃபையரில் நோயாக இருப்பதே ஆசிலேட்டரில் உயிர். அதே எமிட்டர் ஃபாலோயரை எடுத்து, பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர், எமிட்டருக்கும் தரைக்கும் நடுவே இன்னொரு கெப்பாசிட்டர் வைத்தால், அது எட்வின் கோல்பிட்ஸ் முதல் உலகப் போர்க் காலத்தில் வால்வைக் கொண்டு வடிவமைத்த ஆசிலேட்டரின் டிரான்சிஸ்டர் வடிவம். இங்கே தாமதத்தை டிரான்சிஸ்டரிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை. இரண்டு கெப்பாசிட்டர்களுமே ஆளுக்குக் கால் சுற்று தாமதம் தருகின்றன. பேஸில் தெரியும் எதிர்மின்தடையின் அளவு, டிரான்சிஸ்டரின் கடத்துத்திறனை (பேஸ் மின்னழுத்தத்தின் மாற்றத்துக்கு மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவை) இரண்டு கெப்பாசிட்டர்களின் பெருக்கத்தாலும் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பேஸில் காயிலுக்குப் பதில் 10 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, டிரான்சிஸ்டரில் 1 மில்லியாம்பியர், கெப்பாசிட்டர்கள் இரண்டும் 100 பிகோஃபாரட். விடை மைனஸ் 975 ஓம். கிரிஸ்டலின் உள்தடை 30 ஓம் அளவில் இருக்கும். 30 எங்கே, 975 எங்கே! சுற்று உற்சாகமாகக் கிளம்பும். இப்போது வேறு எதையும் தொடாமல் இரண்டு கெப்பாசிட்டர்களையும் 1000 பிகோஃபாரட் ஆக்குங்கள். விடை மைனஸ் 9.75 ஓம் ஆகிவிடும். 30 ஓமை வெல்ல அது போதாது. சுற்று செத்த மாதிரி கிடக்கும். வயரிங் சரி, டிரான்சிஸ்டர் சரி, கிரிஸ்டல் சரி, வோல்ட்டேஜ் சரி, ஆனாலும் ஓடாது. காரணம் தெரியாதவர் கிரிஸ்டலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிளம்பிய அலை எல்லையில்லாமல் வளர்வதில்லையே, ஏன்? முதலில் அது எதிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் மிக மெல்லிய இரைச்சல் எப்போதும் உண்டு. அதில் கிரிஸ்டலுக்குப் பிடித்த அதிர்வெண்ணில் இருக்கும் துளியை மட்டும் எதிர்மின்தடை ஊட்டி வளர்க்கிறது. அலை பெரிதாகும்போது டிரான்சிஸ்டர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் அணைந்துபோக ஆரம்பிக்கும். சராசரியாகப் பார்த்தால் அதன் கடத்துத்திறன் குறைகிறது, எதிர்மின்தடையும் 975-லிருந்து 500, 200, 100 என்று இறங்குகிறது. கிரிஸ்டலின் 30 ஓமுக்குச் சரியாக மைனஸ் 30-ல் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் வளர்ச்சியும் இல்லை, தேய்மானமும் இல்லை. யாரும் ஒரு திருகைக்கூடத் திருப்பாமல் சுற்று தானாகவே இந்தச் சமநிலையைக் கண்டுபிடிக்கிறது. மின்னணுவியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்கள் ஒவ்வொருவரின் கைபேசியிலும், கூட்டத்தைச் சீர்செய்யும் காவலர்களின் வாக்கிடாக்கியிலும், கைக்கடிகாரத்திலும் இப்படிப்பட்ட ஆசிலேட்டர்கள் ஓடுகின்றன. எதிர்மின்தடை தன் கிரிஸ்டலின் தேய்மானத்தை ஈடுகட்டத் தவறினால், அந்தக் கருவி எதுவும் கிளம்பவே கிளம்பாது.

டிரான்சிஸ்டர் மட்டுமே வழியும் அல்ல. 1922-லேயே ரஷ்யாவில் ஒலெக் லோசெவ் என்ற இளைஞர் ஜிங்க்கைட் கனிமத்தின் மேல் ஓர் உலோக முனையை வைத்து, எதிர்மின்தடை பெற்று ரேடியோ செய்தார். 1957-ல் ஜப்பானில் லியோ எசாகி கண்டறிந்த டனல் டயோடு இரண்டே கால்களில் எதிர்மின்தடை தந்தது. அதற்காக 1973-ல் நோபல் பரிசும் பெற்றார்.

நம் நாட்டிலும் எதிர்மின்தடையின் இரண்டு முகங்களையும் காணலாம். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. நீலகிரிச் சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏறக்குறைய ஒத்த 11 பாகை சாய்ந்திருக்கிறது, அதனால்தான் அந்தச் சரிவையே தேர்ந்தெடுத்தார்கள். அதன் குவியக்கோட்டில் 1056 இருமுனை ஆண்டெனாக்கள். விண்மீன்களின் ஓசையைப் பிடிக்கும் இத்தகைய அமைப்பில் ஒரே ஓர் ஆம்ப்ளிஃபையர் எதிர்மின்தடை காட்டி ஆசிலேட் ஆனாலும் அதன் சத்தத்தில் விண்மீன் காணாமல் போய்விடும். அதனால் ரேடியோ வானியலுக்கான ஆம்ப்ளிஃபையரை வடிவமைப்பவர்கள், வேலை செய்யும் அதிர்வெண்ணில் மட்டும் பார்த்து நிறுத்துவதில்லை. வேண்டாத அதிர்வெண்களிலும் டிரான்சிஸ்டரின் உள்ளீடு மைனஸுக்குப் போகாமல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

மறுமுகம், ஹாம் ரேடியோக்காரர்கள் நன்கு அறிந்த பிட்எக்ஸ். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், இந்தியக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே வீட்டில் கட்டக்கூடிய ஒரு டிரான்ஸீவரை வடிவமைத்து, எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார். அதன் ஆசிலேட்டர் காயிலைச் சுற்றுவதற்கு அவர் எடுத்துக்கொண்டது குழாயடியில் மாட்டும் வாஷர். உலகம் முழுக்கப் பலர் அதைப் பார்த்துக் கட்டினார்கள். விலையுயர்ந்த பாகம் வேண்டியதில்லை, எதிர்மின்தடை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற தெளிவு போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் மின்னணுவியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் கோல்பிட்ஸ் ஆசிலேட்டரைக் கட்டி, அதிர்வெண்ணை அளந்து, ரெக்கார்டு நோட்டில் எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். கிரிஸ்டலோடு தொடராக ஒரு மின்தடையைப் போடச் சொல்லுங்கள். முதலில் 100 ஓம், பிறகு 220, 470, 1000. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அலை நம்மை ஏமாற்றக்கூடும். எந்த மதிப்பில் சுற்று கிளம்ப மறுக்கிறதோ, அதோடு கிரிஸ்டலின் உள்தடையைக் கூட்டினால் அந்தச் சுற்றின் எதிர்மின்தடை கையில் கிடைத்துவிடும். கிரிஸ்டல் தயாரிப்பவர்கள் அது உள்தடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். நாலைந்து மின்தடைகளுக்கு ஆகும் செலவு ஒரு டீக்கு ஆகும் காசைவிடக் குறைவு. அடுத்த பருவத்தின் ஆய்வகப் பட்டியலில் இந்தச் சோதனையைச் சேருங்கள்.